காட்டுக்கோழி இறகும் ரெசின் கட்டியும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டியதில்லை. உயிர் போன பிறகும் உருவம் போகாமல் இருக்க முடியும் என்பதுதான் அது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதைக் கண்டறிந்தார். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெட்ட வெட்டச் சிப்பிகள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கு அவைதான் சாட்சி.

இயற்கை கோடிக்கணக்கான வருடங்கள் எடுத்துக்கொண்டு செய்ததை மனிதன் ஒரே இரவில் செய்யக் கற்றுக்கொண்டான். கண்ணாடி போன்ற ரெசினை ஊற்றி, உள்ளே ஒரு பொருளை வைத்து இறுக விட்டால் போதும். அப்படி மேல்நாடுகளில் ரெசினுக்குள் வைத்து மேஜையில் அலங்காரமாக நிறுத்தும் பொருட்களில் ஒன்று 'ஃபிஷிங் ஃப்ளை'. இதற்கும் நம் பச்சைமலைக் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது!

ஃப்ளை என்றால் என்ன?

நம்மூரில் தூண்டிலில் மண்புழுவைக் கோர்ப்போம். ஃப்ளை மீன்பிடிப்பில் புழு கிடையாது. கொக்கியின் மேல் நூலையும் இறகையும் சுற்றிச் சுற்றிக் கட்டி, ஒரு பொய்ப் பூச்சியைச் செய்வார்கள். மீன் அதை நிஜம் என்று நம்பிக் கவ்வும்.

இது மிகப் பழைய வித்தை. சுமார் 1800 வருடங்களுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியர்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் மெழுகு நிற இறகு இரண்டை வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பத்திலேயே சேவல் இறகுதான் என்பதைக் கவனியுங்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீன் பிடிப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கானது. அவர்களுடைய சாம்ராஜ்யம் பரவிய இடங்களிலிருந்தெல்லாம் வண்ண வண்ண இறகுகள் கப்பலேறின. அதில் இந்தியாவின் பங்கு ஒரு கோழி.

நம்ம ஊர்க் கோழி

சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும், பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிறது. பிரெஞ்சுப் பயணி சொன்னரா என்பவரின் பெயரை 1813-ல் இதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். பிராய்லர் கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தப் பறவையிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

சேவலின் கழுத்து இறகில்தான் விசேஷம். இறகின் நுனியில் தண்டு தட்டையாக விரிந்து, மெழுகைச் சொட்டினாற்போல் பளபளக்கும் புள்ளிகளாக இருக்கும். ஃப்ளையின் இரண்டு பக்கமும் அதை வைத்தால் கண் போலவே தெரியும். 'ஜாக் ஸ்காட்' போன்ற புகழ்பெற்ற சால்மன் ஃப்ளைகள் இந்த இறகு இல்லாமல் முழுமையாகாது.

மேல்நாட்டுப் பெண்களின் தொப்பிக்காகவும் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட காலம் அது. 1902-ல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1921-ல் பிரிட்டன் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டு வந்தது. அதன் பிறகும் காட்டுக்கோழி இறகு தூண்டில்காரர்களைப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்தப் பறவையும் உண்டு. இன்று இதை வேட்டையாடுவதும் இறகை விற்பதும் குற்றம். வெளிநாடுகளில் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகு சட்டப்படி கிடைக்கிறது. விலை அதிகம் என்பதால் பிளாஸ்டிக்கில் செய்த போலி இறகும் விற்கிறார்கள்!

தண்ணீரைப் பார்க்காத தூண்டில்

இவ்வளவு அரிய இறகில், மணிக்கணக்காக உட்கார்ந்து கட்டிய ஃப்ளையை யார் ஆற்றில் வீசுவார்கள்? அது காட்சிப் பொருளானது. ஆனால் இறகைப் பூச்சி அரிக்கும், தூசி படியும். அதற்கு வழியாக வந்ததுதான் ரெசின்.

1930-களில் அக்ரிலிக் சந்தைக்கு வந்தது. பாலியெஸ்டர், எபாக்ஸி ரெசின்களும் தொடர்ந்து வந்தன. உடைந்த பீங்கானை ஒட்ட நம் வீடுகளில் வைத்திருக்கும் அரால்டைட்டும் எபாக்ஸிதான். பங்கு வெளியீடு முடிந்ததும் அதன் விளம்பரத்தைக் குட்டியாக அச்சடித்து அக்ரிலிக் கட்டிக்குள் வைத்துப் பரிசளிப்பது முதலீட்டு வங்கிகளின் பழக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டூம்ஸ்டோன்', அதாவது கல்லறைக்கல்.

ஃப்ளையை ரெசினில் வைப்பது லேசான வேலை இல்லை. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு கிளம்பும். மொத்தமாக ஊற்றினால் வெடிப்பு விடும். அதனால் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். இறகின் இழைகளுக்குள் காற்று இருப்பதால் குமிழி கிளம்பும். இறகு நனைந்து நிறம் மாறிவிடுவதும் உண்டு. எல்லாம் சரியாக அமைந்தாலும், வெயில் பட்டால் எபாக்ஸி வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். சாத்தனூர் மரம் போல நிற்காது.

ஆசைக்கு அளவுண்டா?

2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் நகர அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்தவையும் அதில் இருந்தன. திருடியவர் சால்மன் ஃப்ளை கட்டுவதில் கெட்டிக்காரரான ஓர் இசைக் கல்லூரி மாணவர். மறு வருடம் பிடிபட்டார். ஆனால் பல தோல்களில் எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதிய சீட்டு இல்லை. சீட்டு போனால் ஆராய்ச்சிக்கு அந்தத் தோல் பயன்படாது. அழகைக் காப்பாற்றப் போய் வரலாறு போய்விட்டது.

காட்டுக்கோழிச் சேவல் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பளபளக்கும் கழுத்து இறகுகளைத் தானே உதிர்த்துவிடும். கொஞ்ச காலம் கறுத்த சிற்றிறகுகளோடு திரியும். பிறகு புதிதாக முளைக்கும். காடு இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும் இது நடக்கும். எந்த ரெசின் கட்டிக்குள்ளும் ஓர் இறகு மறுபடி முளைத்ததில்லை.