எண்ணெய் ஆறுகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நதி, கடலோடு கலக்குமுன் எண்ணற்ற கிளைகளாகப் பிரிகின்றது. அக்கழிமுகத்திற்கு 'எண்ணெய் ஆறுகள்' என்று பெயரிட்டு, 1885இல் அதனைத் தம் பாதுகாப்பு நாடாக ஆங்கிலேயர் அறிவித்தனர். பெட்ரோலியத்தின் பொருட்டு எழுந்த பெயரன்று அது. அங்கே அன்று பெருகியது செம்பனை எண்ணெய்.

நம் தோட்டங்களில் குலைதள்ளி நிற்கும் செம்பனைக்கு மேற்கு ஆப்பிரிக்காவே தாயகம். 1917இல் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் அது வாணிகப் பயிராயிற்று. பால்மரம் சீவிய நம்மவர் பின்னர்க் குலை வெட்டவும் பழகினர். ஆதலின், அவ்வாற்றங்கரை மாந்தரின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலன்று.

அம்மாந்தருள் தலையாயவர் ஜாஜா. அடிமையாகப் போனித் துறைக்கு வந்து, வணிகத் தலைவராக உயர்ந்து, 1870ஐ ஒட்டி ஒபோபோ என்னும் அரசை நிறுவினார். உள்நாட்டுச் சந்தைகளை வெள்ளை வணிகர் நேரே அணுகாவண்ணம் தடுத்தார். எண்ணெய்க்கு விலை கூறும் உரிமை தமதே என்றார். அவர் செய்த குற்றம் அதுவே! 1887இல் ஆங்கிலத் தூதர் ஹாரி ஜான்ஸ்டன், பாதுகாப்புக்கு உறுதி கூறிப் போர்க்கப்பலுக்கு அழைத்து அவரைச் சிறைப்படுத்தினார். மேற்கிந்தியத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்ற ஜாஜா, 1891இல் தாயகம் திரும்பும் வழியிலேயே மாண்டார்.

1956இல் ஒலோய்பிரி என்னும் சிற்றூரில் ஷெல்–பிபி நிறுவனம் பெட்ரோலியம் கண்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. 1960இல் நைஜீரியா விடுதலை பெற்றபோது, சுரங்க வருவாயில் சரிபாதி எண்ணெய் கிடைத்த வட்டாரத்திற்கே உரியதாயிருந்தது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர். அதனிடையே, 1969இல் படையாட்சி பிறப்பித்த சட்டம், நிலத்தடி எண்ணெய் அனைத்தையும் மத்திய அரசின் உடைமையாக்கிற்று. ஆற்றங்கரையினரின் பங்கு படிப்படியாகத் தேய்ந்தது. 1999ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை நூற்றுக்கு 13க்குக் குறையாதென நிறுவிற்று. ஜாஜாவின் விலையுரிமையைப் பறித்தவர் அயலார். இம்முறை பறித்தவரோ சொந்த நாட்டார். மீனவனின் வலைக்கு அவ்வேறுபாடு விளங்குமோ?

எண்ணெயோடு வெளிப்படும் எரிவாயுவைக் குழாய்முனையில் கொளுத்திவிடுவது எளிதாயிற்று. 1984க்குள் இதனை நிறுத்தவேண்டுமென 1979இல் சட்டம் இயற்றினர். ஆயினும், கெடு கடந்து பல்லாண்டாகியும் நெருப்பு அணையவில்லை. மண்ணும் நீரும் கெட்டதை எதிர்த்து ஒகோனி மக்களைத் திரட்டிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவர்தம் தோழர் எண்மரையும் 1995 நவம்பர் 10ஆம் நாள் படையாட்சி தூக்கிலிட்டது. எழுதுகோல் பிடித்தோர் எளிதிற் கடந்து செல்லக்கூடிய செய்தியன்று இது.

ஜாஜா அடிமையாக வந்திறங்கிய அதே போனியிலிருந்து, 1999இல் திரவ எரிவாயு ஏற்றிய முதற்கப்பல் புறப்பட்டது. ஒலோய்பிரியின் கிணறுகளோ 1970களின் இறுதியிலேயே கைவிடப்பட்டுவிட்டன. எண்ணெய் நிறுவனங்கள் தம் ஆண்டுச் செயற்பாட்டுச் செலவில் நூற்றுக்கு 3 பங்கினை அவ்வப்பகுதி மக்களுக்கென ஒதுக்கவேண்டும் என்ற சட்டம் 2021இல்தான் வந்தது.