கொமடோர் 64 கணினியில் நினைவகப் பழுதறிதல்

கொமடோர் 64 என்பது 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். இதன் தொடக்ககாலப் பலகைகளில் 64 கிலோபைட் நினைவகம், 4164 வகையைச் சேர்ந்த எட்டுச் சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டை மட்டும் தாங்கும். எனவே ஒரு சில்லு முழுதாகக் கெட்டால் எல்லாப் பைட்டுகளும் கெடும். பழுது பார்ப்பவருக்கு உதவுவதும் இதே அமைப்புதான். எந்தப் பிட் தவறுகிறது என்று தெரிந்தால் மாற்ற வேண்டிய சில்லும் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஓர் இடத்தில் 85 என்ற எண்ணை எழுதிப் படிக்கும்போது 93 வந்தால், வேறுபாடு 8. அதாவது 8 மதிப்புள்ள பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது. அதே இடத்தில் 170 எழுதினால் சரியாகவே திரும்பும்; ஏனெனில் அந்த எண்ணில் அந்தப் பிட் இயல்பாகவே 1. ஒரே எண்ணைக் கொண்டு சோதித்து, நல்ல நினைவகம் என்று முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

கணினியும் தொடங்கும்போது தன் நினைவகத்தைச் சோதிக்கிறது. ஓரிடத்தில் எழுதியது அப்படியே திரும்பாவிட்டால், நினைவகம் அங்கே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முடிந்ததற்கும் கெட்டதற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. நல்ல கணினியின் திரையில் பேசிக் மொழிக்கு 38911 பைட்டுகள் உள்ளதாகக் காட்டும். அதைவிடக் குறைந்த எண் வந்தால் அத்துடன் 2049ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது சோதனை தடைபட்ட இடத்தின் முகவரி.

திரை கருப்பாகவே இருந்தால் சிக்கல் பெரிது. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலுக்கே நினைவகத்தின் முதற்பகுதி தேவைப்படுகிறது. இதற்காகக் கொமடோர் நிறுவனத்தின் பழுதுபார்ப்பாளர்களுக்கென உருவானதுதான் 'டெட் டெஸ்ட்' எனப்படும் கார்ட்ரிட்ஜ். அதிலுள்ள நிரல், நினைவகத்தை நம்பாமல் செயலியின் பதிவகங்களை மட்டும் கொண்டு இயங்கித் திரையை மினுக்கும். எத்தனை முறை மினுக்குகிறது என்பதை எண்ணி, எந்தச் சில்லு என்று அறியலாம். எளிமையான, அழகான தீர்வு!

விரலால் தொட்டு, சுடும் சில்லைத் தேடுவதும் உண்டு. ஆனால் குளிர்ந்த சில்லும் கெட்டிருக்கக்கூடும். ஐயத்துக்குரிய சில்லின் மேல் நல்ல சில்லொன்றை அமர்த்திப் பார்க்கும் முறையும், கெட்ட சில்லு ஊமையாகிவிட்டிருந்தால்தான் பலன் தரும். அது தவறான மதிப்பைத் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டிருந்தால் பலன் இல்லை. பல பிட்டுகள் சேர்ந்து தவறினால், நினைவகச் சில்லுகளைக் கழற்றும் முன் அவற்றுக்கு முகவரி அனுப்பும் 74எல்எஸ்257 சில்லுகள் இரண்டையும் சோதிப்பது நல்லது. அவசரப்பட்டு எட்டையும் கழற்றினால் 128 கால்களைச் சூடாக்க வேண்டும். நாற்பதாண்டுப் பழைய பலகையில் செம்புத் தடங்கள் பெயர்ந்துவிடும். கெட்டது எதுவென்று உறுதியானபின் அதன் கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக எடுப்பது பாதுகாப்பானது.

புதிய சில்லைச் சாக்கெட்டில் பொருத்தும் முன் மின்வழங்கியையும் அளக்க வேண்டும். பிசினில் புதைக்கப்பட்ட பழைய மின்வழங்கிகள் முதுமையில் 5 வோல்ட்டைத் தாண்டி வழங்கத் தொடங்குவதுண்டு. அப்படியானால் புதிய சில்லும் பழையதன் வழியே போகும்.