பன்னீர்த் திராட்சையின் பூர்வீகம்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் இனப்பெயர். அவ்வினத்தின் பெற்றோரில் ஒன்றான அலெக்சாந்திரிய மஸ்கட், சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே கிடக்கும் பாந்தெல்லேரியாத் தீவில் இன்றும் 'ஸிபிப்போ' என்றே வழங்குகிறது. உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் 'ஸபீப்' எனும் அரபுச் சொல்லே அவ்வாறு மருவியது. முஸ்லிம்கள் ஆண்ட அத்தீவை 1123இல் நார்மானியர் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று; சொல் போகவில்லை. கதீர், கம்மா என ஊர்ப்பெயர்களும் நிலைத்துவிட்டன.

செப்டம்பரில், இலையுதிர் காலத் தொடக்கத்தில் அங்குச் செல்வோர், அறுத்த குலைகள் வெயிலில் காய்வதைக் காணலாம். (அவற்றைப் பெரும்பாலும் மதுவாக்குகின்றனர் என்பது வேறு செய்தி.) நம் உழவர் கொடியைப் பந்தலில் ஏற்றுகின்றனர்; அவர்களோ ஓயாத காற்றுக்கு அஞ்சிக் குழிக்குள் குட்டையாக வளர்க்கின்றனர். அம்முறையை 2014இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக ஏற்றது.