குவியம் மாறும் வில்லைகள்: பெங்களூரு ஆய்வு மரபும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

கண்ணாடி வில்லையின் குவியம் அதன் வளைவாலும் ஒளிவிலகல் எண்ணாலும் உறுதிப்படுகிறது. வில்லையைச் செய்து முடித்தபின் அதனை மாற்ற இயலாது. ஒளிப்படக் கருவியில் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு இதுவே காரணம். வில்லையை நகர்த்தாமல் மின்சாரத்தின் துணையால் குவியத்தை மாற்றும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றன. இவை அனைத்தையும் 'திரவ வில்லை' என ஒரே பெயரால் சுட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. இவற்றின் செயல்முறைகள் அடிப்படையில் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டையும், அதன் வரலாற்றில் பெங்களூரு பெறும் இடத்தையும், தமிழ்ச் சொல்லாக்கத்திற்கு அவ்வரலாறு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொற்களின் பின்புலம்

'லென்ஸ்' என்பது இலத்தீன மொழியில் பருப்பு வகை ஒன்றின் பெயர். வடிவ ஒப்புமையால் கண்ணாடிக்கு ஆயிற்று. கன்னடத்தில் வழங்கும் 'மசூர' என்னும் சொல்லும் அதே பருப்பைக் குறிப்பதே. தமிழர் அதனை மைசூர்ப் பருப்பு என்பர். கன்னடம் இவ்வாறு இலத்தீனின் உவமையைப் பின்பற்ற, தமிழ் வேறு வழியிற் சென்றது. வட்டமான சிறு தட்டையும் சேவகர் அணிந்த அடையாளத் தகட்டையும் குறித்துவந்த 'வில்லை' என்னும் சொல்லையே தமிழ் ஏற்றுக்கொண்டது. 'ஃபோகஸ்' இலத்தீனத்தில் அடுப்பைக் குறிப்பது. கெப்ளர் 1604இல் அதனை ஒளியியலில் வழங்கினார். தமிழில் 'குவி' என்னும் வினையடியாகப் பிறந்த 'குவியம்', ஒளி செய்யும் செயலையே பெயராக்கியது.

ஆகவே 'வில்லை' வடிவத்தையும் 'குவியம்' செயலையும் உணர்த்துகின்றன. குவியம் மாறும் வில்லைகளில் சிக்கல் தோன்றுவது இவ்விடத்திலேயே ஆகும்.

2. வடிவம் மாறும் வில்லை

மின்னழுத்தத்தால் திரவத்தின் பரப்பு இழுவிசை மாறுவதைக் கபிரியேல் லிப்மன் 1875இல் பாதரசத்தைக் கொண்டு விளக்கினார். மின்முனைக்கும் திரவத்திற்கும் இடையே மெல்லிய மின்காப்புப் படலம் அமைத்து இவ்விளைவைப் பயன்படுத்தும் வழியைப் புரூனோ பெர்ஜ் 1993இல் வெளியிட்டார். 2000இல் அவரும் பெசோவும் இதனடிப்படையில் குவியம் மாறும் வில்லையை விளக்கினர்.

இவ்வில்லையில் உப்பு கலந்த நீரும் எண்ணெயும் ஒரே கூட்டில் அடைக்கப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று கலவா. இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழச் சமமாதலின் கூட்டைச் சாய்த்தாலும் அவற்றின் எல்லைப் பரப்பு குலைவதில்லை. மின்னழுத்தம் தரப்பட்டதும் நீர் சுவரில் மேலும் படர்கிறது; தொடுகோணம் குறைகிறது; எல்லைப் பரப்பின் வளைவு மாறுகிறது. தொடுகோணத்தின் கோசைன் மாற்றம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே அழுத்தத்தை இரட்டித்தால் இம்மாற்றம் நான்கு மடங்காகும். உயர் அழுத்தத்தில் தொடுகோணம் ஓர் எல்லையில் நின்றுவிடுவதால் இவ்விதி அதற்கு உட்பட்ட அளவிலேயே பொருந்தும்.

3. வடிவம் மாறா வில்லை

இரண்டாம் வகை திரவப் படிகத்தால் ஆனது. ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் 1888இல் கண்ட இப்பொருளுக்கு 'பாயும் படிகம்' எனப் பொருள்படும் பெயரை லேமன் 1889இல் வழங்கினார். 'திரவப் படிகம்' என்னும் முரண்தொடரை ஏலாத பிரீடெல் 1922இல் 'இடைநிலை உருவம்' எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல்லைப் பரிந்துரைத்தார். நூல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று 'நெமாட்டிக்' என்பதை ஆக்கியவரும் அவரே. அவர் தந்த வகைப்பெயர்கள் நிலைத்தன. அவர் மறுத்த பொதுப்பெயரும் நிலைத்தது.

ஜப்பானிய ஆய்வாளர் சுசுமு சாட்டோ 1979இல் வில்லை வடிவக் கூட்டில் நெமாட்டிக் படிகத்தை நிரப்பினார். மின்புலத்தால் மூலக்கூறுகள் திசைமாற, ஒளிவிலகல் எண் மாறியது. அதனால் குவியமும் மாறியது. கூட்டின் வளைவோ மாறவில்லை. இங்கு மாறுவது ஒளி உணரும் ஊடகமே. இவ்வில்லையில் கூடு தடித்தால் மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் தடிப்பின் இருமடியாகக் கூடும். மேலும் ஒளியின் தளவிளைவைப் பொறுத்தே அது செயற்படும்.

4. பெங்களூருவின் பங்களிப்பு

சி.வி. ராமன் 1948இல் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தில் 1971இல் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கியவர் அவருடைய சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர். வானியற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரோடு இவரை மயங்கலாகாது. 1977இல் இவரும் சதாசிவாவும் சுரேஷும் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்பதைப் 'பிரமாணா' இதழில் நிறுவினர். அக்கட்டுரையின் தலைப்பு 'தட்டு போன்ற மூலக்கூறுகள்' என எளிமையாகவே பேசியது. 'டிஸ்காட்டிக்' என்னும் கலைச்சொல் பின்னரே நிலைபெற்றது. விளக்கம் முன்னும் சொல் பின்னுமாக அமைந்த இம்முறை சொல்லாக்கத்திற்குத் தக்க சான்றாகும்.

வில்லைக்கு நேரடியான தத்துவத்தை அளித்தவர் சந்திரசேகரின் தம்பி சி. பஞ்சரத்தினம். தளவிளைவு மாறும் ஒளிக்கதிர் ஒரு சுற்றை முடித்து முன்நிலைக்கு மீளும்போது கூடுதலான கட்டமாற்றம் பெறும் என 1956இல், இருபத்திரண்டு வயதளவில், அவர் காட்டினார். மைக்கேல் பெர்ரி 1984இல் குவாண்டம் இயற்பியலில் கண்ட பொதுவிதியோடு இதற்குள்ள உறவை 1986இல் ராமசேஷனும் நித்தியானந்தாவும் எடுத்துரைத்தனர்.

திரவப் படிகத்தின் அச்சை மையத்திலிருந்து விளிம்புவரை படிப்படியாகத் திருப்பி அமைத்தால், வளைவே இல்லாத மெல்லிய படலம் இக்கட்டமாற்றத்தால் வில்லையாகிறது. வலஞ்சுழி ஒளியைக் குவிப்பது இடஞ்சுழி ஒளியை விரிக்கும். முன்னால் மின்னழுத்தத்தால் இயங்கும் அரை அலைத் தட்டை வைத்துச் சுழற்சியை மாற்றினால், குவிவில்லை விரிவில்லையாகும். இங்குக் குவியம் தொடர்ச்சியாக மாறுவதன்று. இரு நிலைகளுக்கிடையே தாவுவதே.

முடிவுரை

மூன்று வகையிலும் மின்னழுத்தமே கருவியாயினும் மாறுவது முறையே வளைவு, விலகல் எண், கட்டம் ஆகியவை. எனவே முதல்வகையைத் 'திரவ வில்லை' என்றும், ஏனையவற்றைத் 'திரவப் படிக வில்லை', 'கட்ட வில்லை' என்றும் பிரித்துரைத்தல் வேண்டும். 'டியூனபிள்' என்னும் அடைமொழி சுருதி கூட்டும் செயலினின்று பெறப்பட்டது. அது தொடர்ச்சியான மாற்றத்தை உணர்த்தும். முதலிரு வகைக்குக் 'குவியம் மாற்றத்தக்க' என்பதும், மூன்றாவதற்குக் 'குவியம் மாறித்தாவும்' என்பதும் பொருந்தலாம்.

ஆங்கிலத்தின் 'ஃபேஸ்' பொருளின் நிலையையும் அலையின் கட்டத்தையும் ஒருங்கே குறிக்கும். பெங்களூரு ஆய்வுகள் இரண்டும் இச்சொல்லின் இரு பொருளுக்கும் உரியவை: 1977இன் கண்டுபிடிப்பு நிலையைப் பற்றியது, 1956இன் கண்டுபிடிப்பு கட்டத்தைப் பற்றியது. ஒரே தமிழ்ச்சொல்லால் இரண்டையும் பெயர்த்தால் அண்ணன் ஆய்வும் தம்பி ஆய்வும் ஒன்றாகிவிடும். கலைச்சொல்லைத் தேரும்முன் 'இங்கு மாறுவது எது?' என வினவுதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடனாகும்.