கடல் தாண்டிய கணக்கு – 5: மூன்றாம் கரண்டி ரசம்

சென்ற வாரம் நெவாசா கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாள் 1914 மார்ச் 17. கணித மேதை ராமானுஜனின் தாயாரையும் மனைவி ஜானகியையும் அதற்கு முன்பே கும்பகோணத்துக்கு ரயிலேற்றியாகிவிட்டது. அதனால் குடுமி இழந்து, கோட்டும் காலரும் மாட்டி நின்ற ராமானுஜனை அவர்கள் பார்க்கவில்லை.

திருமழிசையில் எழுதும் தொடரில் கும்பகோணத்துப் பிள்ளைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. நம் ஜகந்நாதப் பெருமாள் கோயில் ஊரில் பிறந்த திருமழிசை ஆழ்வார் கடைசிக் காலத்தில் தங்கியது குடந்தையில். பள்ளிகொண்ட பெருமாளை எழுந்து பேசும்படி ஆழ்வார் கேட்டார், அவரும் பாதி எழுந்தார், அந்த நிலையிலேயே இன்றும் காட்சி தருகிறார் என்பது சார்ங்கபாணி கோயிலின் ஐதிகம். அந்தக் கோயில் கோபுரத்துக்கு நேர் எதிரே ஓடுவது சார்ங்கபாணி சன்னதித் தெரு. ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதான். அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளை கடல் தாண்டுவது அந்நாளில் சின்ன விஷயமா? அவர் அம்மா சம்மதித்தது குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன பிறகுதான் என்பார்கள்.

கப்பல் கொழும்பைத் தொட்டு, ஏடன், சூயஸ் வழியாகப் போனது. முதல் சில நாள் குமட்டலும் மயக்கமும்; பிறகு பழகிவிட்டது. ஏப்ரல் 14 அன்று லண்டன். துறைமுகத்தில் காரோடு காத்திருந்தவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்து, ராமானுஜனைப் பார்த்து, கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்க வைத்தவரே அவர்தான். குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கென இருந்த வரவேற்பு இல்லத்தில் சில நாள். பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டில் சில வாரம். ஜூன் மாதத்தில் டிரினிட்டி கல்லூரி அறை.

பணத்துக்குக் குறையில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்குப் போனது. டிரினிட்டி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. இரண்டே வருடம் முன்பு துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். கணக்கிலும் கவலையில்லை, கல்லூரியிலேயே பெரிய கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் இருந்தார்கள். எஃப்.ஏ. தேர்வில் கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் தோற்றவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டமே தந்தது, ஆராய்ச்சியைப் பார்த்து. இதையெல்லாம் எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கு அக்கறை வேறு. ராத்திரி எப்படித் தூங்கினார்? என்ன சாப்பிட்டார்?

தூக்கத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். ஒரு குளிர்நாளில் ராமானுஜன் அறைக்கு வந்தார். கணப்பு அருகே ஒண்டி உட்கார்ந்திருந்தவரிடம், இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லை போலிருக்கிறது என்று மஹலநோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் மெத்தைக்கடியில் ஓரம் செருகி, இறுக்கமாக விரித்து, மேலே ஓர் அலங்கார விரிப்பு. அந்தக் கம்பளியை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை. மஹலநோபிஸ்தான் விலக்கிக் காட்டினார்.

படிக்கும்போது சிரிப்பு வரும். எனக்கு வந்தது கோபம். அத்தனை பெரிய மேதைகள் சுற்றியிருந்தும், பையன் படுக்கிறானா நடுங்குகிறானா என்று எட்டிப் பார்க்க இன்னொரு இந்திய மாணவன் வர வேண்டியிருந்தது.

சாப்பாடு இதைவிடப் பெரிய பாடு. கல்லூரிக் கூடத்து மேசையில் அவர் உட்காரவில்லை. அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். ஊரிலிருந்து மளிகைச் சாமான் தபாலில் வந்தது. வேலை பிடித்துக்கொண்டால் சமையல் மறந்துபோகும். பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்திலிருந்து இன்று வெளிநாடு போகும் பிள்ளைகளின் பெட்டியில் பருப்புப்பொடியும் குட்டிக் குக்கரும் இருக்கின்றன. விமானம் ஏறிய மறுநாள் வீடியோவில் அம்மா அடுப்பைப் பார்த்துவிடுகிறாள். ராமானுஜனுக்குக் கடிதம்தான், அதுவும் வாரக்கணக்கில்.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. டிரினிட்டியின் நெவில் முற்றத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போய்விட்டார். அந்த டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். 50 வீட்டுக்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? மஹலநோபிஸ் இதைப் படித்துக் காட்டியபோது ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். கரண்டியை வைக்காமலே விடை சொன்னார். ஒரு விடை இல்லை. வரம்பு எதுவும் போடாவிட்டால் கிடைக்கும் எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். 8 வீடு இருந்தால் 6-ஆம் வீடு; 288 வீடு இருந்தால் 204-ஆம் வீடு. கூட்டிப் பாருங்கள்.

அதே அடுப்பில்தான் விருந்தும் நடந்தது. கியானேஷ் சந்திர சாட்டர்ஜி என்ற மாணவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதைக் கொண்டாட அவரையும், மணக்கவிருந்த பெண்ணையும், ஒரு தோழியையும் ராமானுஜன் தன் அறைக்கு அழைத்தார். தானே சமைத்தார். ஊர் வழக்கப்படி வரிசையாகப் பரிமாறினார். ரசம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று பெண்கள் இன்னொரு முறை வாங்கிக்கொண்டார்கள். அவர் முகம் மலர்ந்தது. மூன்றாம் முறை கரண்டியோடு வந்தபோது, போதும் என்று கையை மறித்தார்கள்.

நம் வீடுகளில் ‘போதும்’ என்றால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவோம், அவ்வளவுதான். இங்கே அப்படி நடக்கவில்லை. பேச்சு தொடர்ந்தது. சற்று நேரம் கழித்துத்தான் சாட்டர்ஜி கவனித்தார். பரிமாறிக்கொண்டிருந்தவரைக் காணோம்.

உள்ளறையில் இல்லை. காத்திருந்தார்கள். வரவில்லை. கீழே இறங்கிப்போய் வாயிற்காவலரைக் கேட்டார் சாட்டர்ஜி. ஆமாம், பார்த்தேன், டாக்சி கூப்பிட்டு ஏறிப்போனார் என்றார் காவலர். விருந்தினரைத் தன் அறையில் உட்கார வைத்துவிட்டு, அந்த இரவில், எங்கே?

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போர்க்காலம், வெளிநாட்டு மாணவர், உடலும் அப்படியொன்றும் தெம்பாக இல்லை. நண்பர்களுக்குக் கலக்கம். ஐந்தாம் நாள் சாட்டர்ஜிக்கு ஒரு தந்தி வந்தது. ஐந்து பவுண்டு அனுப்பவும் என்று கேட்டிருந்தது. அனுப்பியவர் ராமானுஜன். அனுப்பிய ஊர் கேம்பிரிட்ஜும் இல்லை, லண்டனும் இல்லை.

எந்த ஊர், ஏன் போனார், திரும்பி வந்து என்ன சொன்னார் என்பதெல்லாம் அடுத்த வாரம். அதுவரை, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மதிப்பெண்ணைக் கேட்குமுன், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)