தோட்டா அறை மாற்றம் (ராணுவ ரிவால்வர்கள்)

ஒரு வகைத் தோட்டாவுக்கென்று செய்த துப்பாக்கியை வேறு வகைத் தோட்டா சுடும்படி திருத்துவது தோட்டா அறை மாற்றம். ராணுவம் கழித்துவிட்ட பழைய ரிவால்வர்களில் இது அதிகம் நடந்திருக்கிறது. துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும், அதற்கான தோட்டா கிடைக்காது. அல்லது அந்தத் தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருக்கச் சட்டம் விடாது. இந்தியாவில் இரண்டாவது காரணமே பெரிது. துப்பாக்கி உரிமம் பற்றிப் பேச்செடுத்தால் “எந்த போர்?” என்ற கேள்வி வந்துவிடும். இந்த போருக்கும் சண்டைக்கும் தொடர்பில்லை; குழல் துளையின் அளவைச் சொல்லும் ஆங்கிலச் சொல் தமிழாகிவிட்டது.

ரிவால்வரில் குழல் ஒன்று. அறைகள் பெரும்பாலும் ஆறு. சுழலும் உருளையில் குடைந்த இந்த அறைகளில்தான் தோட்டா வெடிக்கிறது. அழுத்தத்தை அறைச் சுவர் தாங்க வேண்டும். அறையை ஆழமாக்கலாம், அகலமாக்கலாம். குடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பித்தளைக் கூடு அறையைவிட ஒல்லியாக இருந்தால் வெடிக்கும்போது புடைக்கும், சில நேரம் கிழியும். குண்டு குழலைவிடச் சிறுத்தால் குழலின் உட்புறச் சுழல்புரியைப் பிடிக்காமல் குறி தவறும்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் பிரிட்டிஷ் படைகளுக்கு .38/200 தோட்டாவுக்கான ‘விக்டரி’ ரிவால்வர்களைச் செய்தது. போருக்குப் பின் உபரிச் சந்தைக்கு வந்தவற்றில் பலவற்றை வணிகர்கள் அறையை ஆழமாக்கி .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாற்றினார்கள். இரண்டின் பெயரிலும் .38 இருந்தாலும் அளவு வேறு. பழைய கூட்டின் விட்டம் சுமார் .386 அங்குலம், ஸ்பெஷலுக்கு .379, குண்டு முறையே .361, .357. நீளத்தைச் சரிக்கட்டினார்கள், அகலம் பழையபடியே இருந்தது.

1915இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த வெப்லி மார்க் 6இன் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் அதன் உருளையின் பின்முகத்தைச் சீவி, பிறைத்தகட்டில் கோத்த .45 ஏ.சி.பி. தோட்டாக்களைப் போட்டார்கள். .455 வெப்லி தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 பவுண்டு; .45 ஏ.சி.பி.க்கான உச்ச வரம்பு 21,000. தோட்டா உள்ளே போவதாலேயே துப்பாக்கி அதைத் தாங்கும் என்று எடுத்துக்கொண்ட வேலை இது. மடிந்து திறக்கும் அந்தப் பழைய ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இந்தியச் சட்டமும் அறையைத்தான் பார்க்கிறது. ஆயுத விதிகளின் முதல் அட்டவணைப்படி, .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ ராணுவ 9 மி.மீ. தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி எந்த போரானாலும் தடைசெய்யப்பட்ட வகை. குழலில் என்ன பொறித்திருந்தாலும் பயனில்லை. சரி, அறையை மாற்றிவிடலாமே என்றால் அதற்கும் வழி குறுகல்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தயாரிப்பு, விற்பனை, பழுதுபார்ப்போடு மாற்றியமைப்பதையும் உரிமத்துக்குள் வைக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமில்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை.

ஆகவே இந்தியாவில் இந்த மாற்றம் பெரும்பாலும் பட்டறையில் நடக்காமல் அரசுத் தொழிற்சாலையில் நடந்தது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், வெப்லி மார்க் 4இன் அமைப்பைத் தழுவியது. தோட்டா மட்டும் குடிமக்களுக்கு அனுமதியுள்ள .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். பழைய துப்பாக்கியைக் குடையவில்லை, அதே வடிவத்தைச் சிறிய அறையோடு புதிதாக வார்த்தார்கள். 2014இல் கான்பூரிலிருந்தே வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32தான். ரைபிளில் இதே வேலையை இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்தது: .303 ராணுவத்துக்குரியது என்பதால், குடிமக்களுக்கு லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே .315. காவல் துறைக்காக .303 ரைபிள்களையே ஒற்றைத் தோட்டா .410 மஸ்கட்டுகளாகவும் மாற்றினார்கள்.

இந்தச் சட்டம் அன்றாடத்தில் எப்படிப் படுகிறது என்பதற்குத் தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள ஏலமலை ஓர் எடுத்துக்காட்டு. அதன் சரிவில் ரிவால்வருக்கு வேலை குறைவு. தோட்டக்காரருக்குத் தொல்லை காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும்; அதற்குக் கைத்துப்பாக்கி உதவாது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் பயிர்க்காவலுக்கென்று குறிப்பிடுவது வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியை. ரிவால்வர் கேட்பவர் தற்காப்புக்கு அது தேவை என்று தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

மலைக்குரிய சிக்கல் எல்லை. தமிழ்நாட்டுப் போடியில் வீடும் கேரளத்துப் பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டமும் உள்ள குடும்பங்கள் பல. தேனி மாவட்டத்தில் வாங்கிய உரிமம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுமென்றால், அந்தத் துப்பாக்கி போடிமெட்டோடு நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் இடுக்கி மாவட்டம், கேரளம். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது உரிமப் புத்தகத்தில் எழுதிய போரும் எண்ணும் கையிலிருக்கும் துப்பாக்கியோடு ஒத்துப்போக வேண்டும். தாத்தா காலத்து வெப்லியைக் குடைந்து வைத்திருப்பவர் சிக்குவது அங்கேதான்.