தவிடும் வெள்ளையரிசியும்

உணவு வேறு, மருந்து வேறு, இரண்டன் தன்மையும் கலந்த மருந்துணவு வேறு என அரபு மருத்துவ நூலார் பாகுபாடு செய்தனர். இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ இதனை விரித்துரைக்கிறது. உடலுள் புகும் பொருள் யாது, அது விளைப்பது யாது என்று ஆயும் அந்நூல்களில் பழகிய நமக்கு, ஒரு பொருள் புகாமையே கொடுநோயை விளைக்கும் என்ற செய்தி வியப்பையே தந்தது. அவ்வுண்மை தெளிந்த வரலாறு அரிசியோடு பிணைந்தது.

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, தசை நலிந்து, உடல் வீங்கி, ஈற்றில் இதயமும் ஓயச் செய்யும் நோய். 19ஆம் நூற்றாண்டில் இயந்திர ஆலைகள் அரிசியைத் தவிடறத் தீட்டத் தொடங்கியபின் ஆசிய நாடுகளில் அது பெருகிற்று. அச்சே முஸ்லிம்களுடன் 1873 முதல் போரிட்டுவந்த டச்சுப் படையில் அதனால் வீழ்ந்தோர் மிகப் பலர். காரணம் காண 1886இல் டச்சு அரசு ஒரு குழுவை அனுப்பிற்று. பாஸ்தரும் கோக்கும் கிருமிகளைக் காட்டிய காலமன்றோ அது? குழுவினரும் கிருமியையே தேடினர், கண்டுவிட்டதாகவும் எண்ணினர்.

பத்தாவியாவில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் எய்க்மான். ஆய்வுக்கென அவர் வளர்த்த கோழிகள் 1889இல் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. படை மருத்துவமனைச் சமையற்காரர், மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தார். அவருக்குப்பின் வந்தவரோ, படைவீரர் சோறு குடிமக்கள் கோழிக்கு ஆகாது என மறுத்துவிட்டார். அவருடைய கஞ்சத்தனத்திற்கு மருத்துவ உலகம் கடமைப்பட்டுள்ளது!

தவிடு சேர்த்தபோது கோழிகள் பிழைத்தன. பின்னர் வொர்டர்மன் என்பார் ஜாவாவின் 101 சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேரில் ஒருவருக்கு நோய் கண்டது; தீட்டாத அரிசி வழங்கியவற்றில் 10,000 பேரில் ஒருவருக்கே கண்டது. ஆயினும் எய்க்மான், சோற்றில் ஒரு நஞ்சு உண்டு, தவிடு அதற்கு முறிவு என்றே கருதினார். நஞ்சன்று, தவிட்டிலுள்ள இன்றியமையாத சத்தொன்றின் இன்மையே நோய் என 1901இல் தெளிவித்தவர், அவர் பணியைத் தொடர்ந்த கிரெய்ன்ஸ். 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எய்க்மான். கிரெய்ன்ஸின் பெயரைச் சொல்வார் சிலரே.

அக்காலத்தில் மலாயாவிலும் இந்நோய் பரவியிருந்தது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர். தோட்டங்களில் உழைத்த தமிழரோ பெரும்பாலும் தப்பினர். சீனர் உண்டது வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் இதனைச் சோதித்தார்; நோயாளிகளில் ஒரு பாதியினர்க்கு வெள்ளையரிசியும் மறுபாதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முன்னவரிடையே நோய் பரவி மரணங்களும் நேர்ந்தன. பின்னவரிடையே அது பரவவில்லை. வேண்டாமென மறுக்கும் நிலையிலில்லாத மாந்தரின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய அறிவு இது. புகழுரைகளுக்கிடையே இதனை மறைத்தல் நேர்மையன்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரில் கரைந்து அரிசியினுள் இறங்குகிறது. பிறகு தீட்டினும் ஒரு பகுதி எஞ்சும். முற்றத்தில் அண்டா வைத்து நெல் அவித்த நம் பெண்டிர் பத்தாவியாவைக் கேள்வியுற்றவரல்லர். விருந்தினர் முன் புழுங்கற்சோறு வைக்க நாணியவரும் அவருள் உண்டு!

ஃபங்க் என்ற அறிஞர் 1912இல் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ எனப் பெயரிட்டார். தவிட்டிலிருந்து இச்சத்தை 1926இல் ஜான்சனும் டோனாத்தும் படிகமாகப் பிரித்தனர், அதே பத்தாவியாவில்தான். 1936இல் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். தயமின் எனப்படும் இது வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம் போதும். ஆனால் உடல் அதனைச் சில வாரங்களுக்குமேல் சேமித்து வைப்பதில்லை. அரிசியைப் பலமுறை களைந்தாலும், கஞ்சியை வடித்தாலும் ஒரு பங்கு நீரோடு போய்விடும். கழுநீரும் வடிகஞ்சியும் தொட்டிக்குச் செல்லும் வீடுகளில் அப்பங்கை உண்பது மாடுதான்.